நான்கு மூலையிலும் மஞ்சள்

நான்காவது முறை போன் செய்தபோதும் பள்ளிக்கூட குமாஸ்தா பூர்ணய்யா அதே பதிலைத்தான் சொன்னார். "உங்க பேர்ல விண்ணப்பம் எதுவும் வரலைம்மா. வந்திருந்தா நோட்டுல ஏத்தியிருப்பேனே." மல்லேஸ்வரி போனை ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள். ஆய்வக உதவியாளர் வேலை. கல்யாணத்துக்கு முன் குண்டூர்க் கல்லூரியில் மூன்று வருஷம் அவள் ஆசையாகப் பார்த்த வேலை. எந்த அமிலம் எந்த அலமாரியில் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தெனாலியில் அப்படியொரு இடம் பதினான்கு வருஷத்தில் இப்போதுதான் காலியாகியிருக்கிறது. நேர்முகத்துக்கு அழைக்கும் பட்டியலை இன்று மத்தியானம் ஒட்டிவிடுவார்கள்.

விண்ணப்பத்தை எழுதியது அவள். கொண்டுபோய்க் கொடுத்தது கணவன் கோட்டய்யா. அதுதான் உறுத்தியது. அரிசி மில் மூடியதிலிருந்து ஐந்து மாதமாக வீட்டில் இருக்கும் மனிதன். "பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பிட்டு உக்காந்து தின்றான்னு ஊர் பேசட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன், மறுநாள் காலையில் தானாகவே உறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். அவளும் அசடு மாதிரி நம்பிவிட்டாள்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. கொடுத்தீங்களா, இல்லையா?"

புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்த கோட்டய்யா நிமிரவில்லை. "எத்தனை தடவை கேப்பே? அந்த குமாஸ்தா மேசையில வச்சுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப காத்துல பறந்துடுச்சாக்கும்."

அவன் அடுத்த கட்டுக் கீரையை எடுத்தான். அவள் புடவையை மாற்றிக்கொண்டு பத்தரை மணி வெயிலில் கிளம்பினாள். வழி நெடுக மனசுக்குள் அவனை வறுத்தெடுத்தாள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, வாய்க்காலில் போட்டுவிட்டு வந்து மேசையில் வைத்தேன் என்று சாதிப்பானேன்?

பூர்ணய்யா நல்ல மனிதர். அலுத்துக்கொள்ளாமல் கோப்பைத் திறந்து முப்பத்தொரு விண்ணப்பத்தையும் அவள் கண்ணெதிரே புரட்டிக் காட்டினார். இல்லை. "கொண்டுவந்து கொடுத்தவரைக் கேளுங்கம்மா" என்றார் மெதுவாக. அவளுக்குச் சுருக்கென்றது.

கோப்பை மூடிய கையோடு அவர் ஓரத்திலிருந்த கட்டு ஒன்றைத் தட்டி அடுக்கினார். "முகூர்த்த மாசம் பாருங்க. தாளாளர் சாருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையே இவ்வளவு. சாயங்காலம் மொத்தமா வீட்டுக்கு அனுப்பணும்."

மூலையில் மஞ்சள் பூசிய உறைகள். நடுவில் ஒன்றில் தாளாளரின் பெயர் நீல மையில் எழுதியிருந்தது. 'ஸ்ரீ' எழுத்தின் சுழி அவளுடையது.

"அது என்னோடதுங்க."

பூர்ணய்யா உருவி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அட ராமா. நாலு மூலைக்கும் மஞ்சள் வச்சிருக்கு பாருங்க. அடுத்தவங்க கல்யாணப் பத்திரிகையை நான் பிரிக்கலாமா, சொல்லுங்க?"

மல்லேஸ்வரி மஞ்சள் வைக்கவில்லை. அவன் உறையை வாங்கிக்கொண்டு போன அன்றைக்குப் பூஜை அலமாரியில் மஞ்சள் கிண்ணம் கவிழ்ந்து கிடந்ததற்குப் பல்லியைத் திட்டியது நினைவுக்கு வந்தது. சாமிக்கு முன்னால் ஒரு நாளும் கைகூப்பி நிற்காத மனிதன். விரலை நனைத்து, ஒவ்வொரு மூலையாக, கோணல்மாணலாகத் தடவியிருக்கிறான். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது, கண்ணும் நிறைந்தது.

"பட்டியல் டைப் ஆகி சார் கையெழுத்துக்குப் போயிடுச்சு" என்றார் பூர்ணய்யா. "நீங்களே உள்ள கொண்டு போங்க. என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க தாயே."

தாளாளர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அவள் நீட்டிய உறையின் மஞ்சளைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டுப் பாதி எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உக்காரும்மா. பொண்ணுக்கா? முகூர்த்தம் என்னிக்கு?"

அவள் உட்காரவில்லை. "நாள் நீங்கதான் சார் சொல்லணும்."

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் ஓரத்தைக் கிழித்தார். காய்ந்திருந்த மஞ்சள் உதிர்ந்து, கையெழுத்துக்குக் காத்திருந்த பட்டியலில், கடைசிப் பெயருக்குக் கீழே சிந்தியது. துடைக்கப் போன கையை மல்லேஸ்வரி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் முதல் வரியைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.