முனைத் தொட்டி

தீயணைப்பு வண்டி தெருமுனைக்கு வந்து உறுமிக்கொண்டு நின்ற பிறகுதான், தொட்டி இடம் மாறியிருப்பதை அவள் பார்த்தாள். இடுப்பு உயர சிமெண்ட் தொட்டி, அதில் ஆளைவிட உயரமான ஒரு மரக்கன்று. நேற்று மாலை வரை அதன் விளிம்பு சாலையில் பூசிய வெள்ளைக் கோட்டை ஒட்டி நின்றது. இப்போது கோட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு முழத்துக்கு வெறும் தார், அதில் சிமெண்ட் உரசிய வெளுத்த தடம். தொட்டிக்குக் கால் முளைக்காது. யாரோ தள்ளியிருக்கிறார்கள்.

அவள் நகராட்சியில் தெரு வடிவமைப்பாளர். இரண்டு பக்கமும் அலுவலகக் கட்டிடங்கள் எழுந்து நிற்கும் இந்தத் தெருவில், மதியம் கழுத்தில் அடையாள அட்டை ஆட இறங்கி வரும் ஜனம், நிறுத்திய கார்களுக்கு இடையில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து பழகியிருந்தது. கார் ஓடும் பாதையை ஒடுக்கி, நடைபாதையை அகலமாக்கி, நிழலில் நாலு பெஞ்சு போட வேண்டும் என்று அலுவலகத்தில் அவள் தொண்டை வறளப் பேசி வாங்கிய அனுமதி, வெறும் ஒத்திகைக்குத்தான். கல் பதிக்கும் முன்பு தொட்டிகளையும் பெயிண்டையும் வைத்து நடத்திப் பார்க்கலாம். தொட்டி நிற்கிற இடத்தில் நாளைக்குக் கல் விளிம்பு வரும். இன்று கடைசிப் பரீட்சை. தீயணைப்பு வண்டி இந்த முனையில் பின்வாங்காமல் ஒரே மூச்சில் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் தொட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு, தெருவைக் கார்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். "மறுபடியும் கேட்டுட்டு வராதே" என்று மேலதிகாரி முன்கூட்டியே கையைக் கழுவியிருந்தார்.

தொட்டிக்குப் பின்னால் இருக்கும் கடை அவள் அண்ணனுடையது. பயணப்பெட்டி, கைப்பை, பர்ஸ். வியாபாரிகள் சங்கத்துக்கு அவன்தான் தலைவன், இந்தத் திட்டத்துக்கு முதல் எதிரியும் அவன்தான். "பெட்டி வாங்கறவன் அதைத் தலையில வச்சுக்கிட்டு நடந்து போவானா?" என்று கூட்டம் போட்டு அவன் கேட்டபோது, தங்கை என்றும் பாராமல் கைதட்டி ரசித்தது சங்கம். வீட்டில் அம்மா இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போடும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

இவன் வேலைதான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டடி நடந்தவள் நின்றாள். கெடுக்க நினைக்கிறவன் தொட்டியைச் சாலைப் பக்கம் அல்லவா தள்ளியிருக்க வேண்டும்? இது கடைப்பக்கம் போயிருக்கிறது. வண்டிக்கு வழி கூடியிருக்கிறது.

அண்ணன் கடை வாசலில் கைகட்டி நின்றான். சங்கத்து ஆட்கள் எதிர்ச் சாரியில், வண்டி எப்போது முட்டும் என்று காத்திருந்தார்கள்.

"தொட்டிய யாரு தள்ளினது?"

"எந்தத் தொட்டி?"

"அண்ணா."

"மெதுவாப் பேசு. மூஞ்சிய மட்டும் சண்டை போடற மாதிரி வச்சுக்க, பாக்கறாங்க." அவன் முகம் கடுகடுவென்று இருந்தது. குரல் வேறு யாருடையதோ போலத் தாழ்ந்து வந்தது. "கார்ல வர்றவன் கண்ணாடிய எறக்கி வெலைய கேட்டுட்டுப் போயிடறான். நடந்து வர்றவன் உள்ள வந்து ஜிப்பத் தெறந்து பாக்கறான். பெட்டியைத் தெறந்து பாத்தவன் சும்மா போக மாட்டான். இந்த ஒத்திகை ஆரம்பிச்சதுலேர்ந்து கடையில ஆளு நிக்குது."

"இதை சங்கத்துல சொல்ல வேண்டியதுதானே?"

"இவ்வளவு திட்டிட்டு இப்பச் சொன்னா, என்னை யாரு மதிப்பான்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவர்கள் வீட்டு வழக்கம் அது. சந்தையில் ஒரு சாமானை அப்பா எவ்வளவு கேவலமாகத் திட்டுகிறாரோ, அவ்வளவு நிச்சயமாக அது வீட்டுக்கு வந்துவிடும்.

"அதுக்காக ராத்திரியோட ராத்திரியா தள்ளுவியா?"

"ஒரு முழந்தானே. நீ எப்படியும் பேரத்துக்குக் கொஞ்சம் எடம் விட்டுத்தான் கோடு போட்டிருப்பே. நம்ம வீட்டுப் பொண்ணு, உண்மையான அளவை எடுத்த எடுப்புல சொல்லுவியா?"

"விடலண்ணா. அதான் அளவே."

முதல் முறையாக அவன் கட்டிய கை அவிழ்ந்தது.

"சரி, கல்லையும் ஒரு முழம் தள்ளிப் பதிச்சுடு."

"கீழ மின்சாரக் கேபிள் பெட்டி இருக்கு. கல்லு வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால போக முடியாது. இன்னிக்கு வண்டி திரும்பிடும். நாளைக்கு மேல ஏதோ ஒரு மாடியில தீப்பிடிச்சா, இதே வண்டி இங்க வந்து கல்லுல முட்டிக்கிட்டு நின்னா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். எதிர்க் கட்டிடத்தின் கண்ணாடிச் சுவரில், மேலே மேலே அடுக்கிய மேசைகளில் ஆட்கள் குனிந்திருந்தார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை.

வரைபடத்தை அவளைத் தவிர யாரும் கையில் வைத்திருக்கவில்லை. தீயணைப்பு அதிகாரி தொட்டிகளைத்தான் பார்ப்பார். மேலதிகாரிக்குக் கோடும் தெரியாது, கேபிளும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான் அவள் செய்ய வேண்டிய வேலை. தெரு கிடைத்துவிடும், பெஞ்சு வந்துவிடும். தொட்டியைக் கோட்டிலேயே வைத்துக் கணினியில் வண்டி திரும்பியபோது உள்ளங்கை அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. ஆனால் கணினி வண்டியை ஓட்டுகிறவனுக்குக் கை நடுங்காது. திரும்பிவிடும் என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது, திரும்பாது என்றும் முடியாது.

"ஆரம்பிக்கலாமாம்மா?" தீயணைப்பு அதிகாரி கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் சார்." குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்தத் தொட்டி எடத்துல இல்ல. கோட்டுக்கு வரணும்."

மேலதிகாரி விறுவிறுவென்று வந்தார். "யார் தள்ளினது? கடைசி நேரத்துல என்ன இது?"

அவள் தார்ச் சாலையையே பார்த்தாள். வண்டிக்கு வழி விட்டது அண்ணன்தான் என்று சொன்னால் சங்கத்தில் அவன் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் பழி அவள் தலையில்.

"நான்தான்," என்றான் அண்ணன், தெருவுக்கே கேட்கும்படி. "கார் நிறுத்த எடமில்லாம பண்ணுச்சு, தள்ளினேன். என்ன இப்ப?"

எதிர்ச் சாரியில் பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், "தலைவன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்து ஆளின் முதுகில் தட்டினார். அந்தப் புகழ் அடங்கும் முன்பே அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியின் பின்னால் போனான்.

"கோட்டுலதான் நிக்கணும்னா நிக்கட்டும். முட்டட்டும், நாலு பேரு பாக்கட்டும்."

தோளைக் கொடுத்துத் தள்ளினான். தொட்டி அசையவில்லை. ராத்திரி யார் துணைக்கு வந்தார்களோ, இப்போது வரமாட்டார்கள். அவள் வரைபடத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய்த் தோள் கொடுத்தாள். சிமெண்ட் கரகரவென்று நகர்ந்தது.

"திரும்புமா?" மூச்சிரைப்புக்கு நடுவே கேட்டான்.

"கம்ப்யூட்டர்ல திரும்பிச்சு."

"உன் கம்ப்யூட்டர் படத்துல என் கடை வாசல்ல ஆலமரமே நிக்குது."

விளிம்பு கோட்டைத் தொட்டது. அதிகாரி கையை இறக்கினார்.

வண்டி மெல்ல முனைக்குள் மூக்கை நுழைத்தது. முன்சக்கரம் திரும்பியது. சிவப்புப் பக்கவாட்டு மெல்ல மெல்லத் தொட்டியை நெருங்க, நடுவில் இருந்த வெளிச்சம் கீற்றாக ஒடுங்கியது. அண்ணன், சண்டை முகத்தை எங்கேயோ தவறவிட்டவனாக, அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். எதிர்ச் சாரியில் கழுத்துகள் நீண்டன. வண்டி நின்றது. பின்வாங்கவில்லை, முன்னேறவும் இல்லை. ஜன்னல் இறங்கியது. ஓட்டுநர் தலையை நீட்டி, தொட்டியையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை வெளியே நீட்டி, கன்றின் கிளையில் இடித்து நின்ற பக்கக் கண்ணாடியை, தூங்குகிற பிள்ளையின் கையை எடுத்து வைப்பதுபோல, மெல்ல உள்ளே மடக்கினார்.