ஒன்பதாம் குழி

பிஸ்டனைக் கழற்றிய அன்று கொட்டகையில் இருந்தவர்கள்: கழற்றியவன், அவன் மனைவி, வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை அளந்த லேத்காரர். தம்பி இல்லை.

வண்டி தம்பியுடையது, அதாவது அவளுடைய தம்பி. மூன்று வருடத்துக்கு முன் அது ஓடுகிற ஓட்டத்தில் எஞ்சின் இறுகிப்போய், பின்சக்கரம் நின்று, அவனைத் தூக்கி ரோட்டில் அடித்தது. காறை எலும்பு இரண்டு துண்டு. அதிலிருந்து வண்டி அக்கா வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. இப்போது அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. பெரிய ரோட்டில் நாலு மணி நேரப் பயணம். எஞ்சினை நானே புதுசாக்கித் தருகிறேன் என்று அக்காவின் கணவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

அன்று நடந்தது ஒரு நொடி வேலை. பிஸ்டனை அதன் தண்டோடு கோத்து நிறுத்துவது ஒரு பின். அந்தப் பின் நழுவாமல் இருக்க பக்கத்துக்கு ஒரு கிளிப். மெட்டியைவிடச் சின்னது, வாய் திறந்த கம்பி வளையம். கணவனின் தடித்த விரல்களுக்கு அது பிடிபடவில்லை.

“நீதான் பல்லு புடுங்கற ஆளாச்சே, வந்து இதைப் புடுங்கு” என்றான்.

“நான் பல்லு செய்யற ஆளு. புடுங்கறவரு டாக்டரு” என்றாள். பல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாகப் பொய்ப்பல் தேய்க்கிறவள். மூக்கு நீண்ட குறடு அவளுக்கு ஆறாவது விரல்.

முதல் கிளிப் சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. அதற்குள் கையெல்லாம் ஆயில். பிஸ்டனுக்குக் கீழே எஞ்சின் வயிறு வாயைத் திறந்துகொண்டு இருக்கும். எதுவும் உள்ளே விழாமல் இருக்க அதில் ஒரு துணியைத் திணித்து வைப்பார்கள். கைக்குக் கிடைத்தது அந்தத் துணிதான். எடுத்துத் துடைத்தாள். தோளில் போட்டுக்கொண்டாள். குறடால் இரண்டாவது கிளிப்பைப் பிடித்து இழுத்தாள். துள்ளியது. ‘டிங்’ என்று ஒரு சத்தம். தரையிலா, தகரத்திலா, உள்ளேயா என்று தெரியவில்லை.

கணவன் அப்போது லேத்காரர் சொன்ன எதற்கோ திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

பொய் இல்லை. வந்துதான் விட்டது. துணியைப் பழைய இடத்தில் திணித்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தேடி எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு லேத்துக்குப் போன நேரத்தில், ஒரு காந்தத்தை நூலில் கட்டிக் கொட்டகைத் தரையை அங்குலம் அங்குலமாக இழுத்தாள். ஒரு ஹேர்பின், மூன்று நட்டு, ஒரு துருப்பிடித்த ஊக்கு. எஞ்சின் வாய்க்குள்ளும் விட்டுப் பார்த்தாள். உள்ளே எல்லாமே இரும்பு. காந்தம் கண்டதையும் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது.

இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. முட்டை அட்டை.

கழற்றுகிற ஒவ்வொன்றையும் முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியில் வரிசையாக வைப்பது அவன் வழக்கம். முப்பது குழி. ஒன்பதாம் குழி கிளிப்புகளுக்கு. எல்லாம் பூட்டியபின் எண்ணுவான். புதுக் கிளிப் இரண்டு எஞ்சினுக்குள் போனால் பழைய இரண்டும் குழியில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் வண்டியை வெளியே விட மாட்டான். எண்ணட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம். திட்டுவான், பிரிப்பான், தீர்ந்தது.

அந்த வழக்கம் சும்மா வரவில்லை. பிளாஸ்டிக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் ஃபிட்டராக இருந்தவன் அவன். ஒருநாள் மெஷினைப் பிரித்துப் பூட்டியபின் கையில் ஒரு போல்ட் மிஞ்சியது. அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டான். விடிவதற்குள் தடுப்புத் தகடு கழன்று ஒரு தொழிலாளிக்கு நாலு விரல் போனது. அன்று காலை வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மத்தியானம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். திரும்ப வேலைக்குப் போகவே இல்லை. ஒன்றரை வருடம் தூக்கம் கெட்டது. இந்த எஞ்சினைத் தொட்ட பிறகுதான் தூங்க ஆரம்பித்தான். குளிக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுக்கக்கூடச் செய்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் அட்டையின் முன்னால் வெகுநேரம் நின்றான். அவள் வாசல்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எண்ணிட்டீங்களா?”

“எண்ணிட்டேன். சரியா இருக்கு.”

கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். சரியாக எப்படி இருக்கும்? அன்று இரவு அவள்தான் தூங்கவில்லை.

ஞாயிறு காலை தம்பி பெட்டியும் ஹெல்மெட்டுமாக வந்து இறங்கினான். “என்ன மாமா, இந்தத் தடவை என்னை எந்தப் பக்கம் தூக்கிப் போடப்போகுது?”

“போடா மாப்ளே. நீ விழுந்தாலும் எஞ்சின் விழாது.”

“அதுசரி, எலும்பு என்னோடதுதானே.”

லேத்காரர் ஸ்டூலோடு வந்துவிட்டார். வண்டி கொட்டகைக்குள் ஸ்டாண்டில் நின்றது. தம்பி ஏறி உட்கார்ந்து உதைத்தான். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. லேத்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “தையல் மெஷின் மாதிரி ஓடுதேய்யா!”

அவள் காதில் வேறு ஒன்று கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு சின்ன ‘டிங்’. உண்மையில் இருக்கிறதா, இல்லை தனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா என்று புரியவில்லை. நழுவி நழுவி முட்டை அட்டை இருந்த அலமாரிக்குப் போனாள். ஒன்பதாம் குழியை எட்டிப் பார்த்தாள்.

இரண்டு கிளிப்.

போன உயிர் திரும்பி வந்தது. கண்டெடுத்திருக்கிறான்! சொல்லாமல் விட்டிருக்கிறான். இரண்டையும் உள்ளங்கையில் கொட்டினாள். அப்புறம்தான் பார்த்தாள். ஒன்று வெந்த ஆயிலில் கிடந்து கறுத்துப் பழுப்பேறியது. மற்றது பளபளவென்று, பால்பல் மாதிரி வெள்ளை.

முதுகுக்குப் பின்னால் லேத்காரர் சிரித்தார். “அதுவாம்மா? வெள்ளிக்கிழமை என்கிட்ட வாங்கினதுதான். ஜோடியாத்தான் வரும்னு சொன்னா, இல்ல ஒண்ணே ஒண்ணு போதும்ங்கறாரு. ஒத்தைச் செருப்பு கேக்கற மாதிரி!”

சனிக்கிழமைக்கு முன்பே எண்ணியிருக்கிறான். குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தே குழியை நிரப்பியிருக்கிறான்.

வண்டியருகே போய்ச் சாவியைத் திருப்பி உருவினாள். எஞ்சின் அடங்கியது.

“ஏ அக்கா, என்ன விளையாட்டு இது?”

“இறங்கு.”

“ஆசீர்வாதம் பண்ணி அனுப்புவேன்னு பார்த்தா…”

“இறங்குடான்னா!”

உள்ளங்கையைக் கணவனிடம் நீட்டினாள். “இதுல எது பழசு?”

அவன் பார்த்தான்.

“ரெண்டாவது என் கையிலேர்ந்துதான் துள்ளுச்சு. துணியை எடுத்தது நான்தான். எங்க விழுந்துச்சுன்னு தெரியாது. பயந்துக்கிட்டுச் சொல்லல. என் தப்பு. நீங்க?”

“வெளியதான் விழுந்திருக்கும்.”

“தேடினீங்களா?”

“தேடினேன். ஆயிலைக்கூட வடிச்சுப் பார்த்தேன்.”

“கிடைச்சுதா?”

அவன் நெற்றியைத் தேய்த்தான். “மறுபடி பிரிக்கணும்னு நினைச்சாலே ஸ்பேனரைத் தொட முடியலடி. அவன் கிளம்பற நேரத்துல, சரியா செய்யலன்னு எப்படிச் சொல்றது? சின்னக் கம்பிதானே. ஒண்ணும் ஆகாது.”

அந்தப் போல்ட்டையும் இதே வார்த்தை சொல்லித்தான் பாக்கெட்டில் போட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

தம்பி மெதுவாக இறங்கினான். கை தானாகக் காறை எலும்புக்குப் போனது. “தெரிஞ்சே ஏத்திவிட்டீங்களா மாமா?” என்றான். குரலில் கோபம்கூட இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டான். “அக்கா, நான் பஸ்ல போறேன். போய்ச் சேர்ந்ததும் பேசறேன்.”

லேத்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நைசாக நழுவினார்.

இருவரும் கொட்டகை வாசலுக்கு வெளியே வந்து நின்றார்கள். தம்பி தெருமுனை திரும்பும்வரை கணவன் அசையவில்லை. பிறகு கையை நீட்டினான். “சாவியைக் குடு.”

“எதுக்கு?”

“நானே ஓட்டறேன். பெரிய ரோடு வரைக்கும், முழு வேகத்துல. உள்ள இருந்தா இருக்கட்டும். மண்டை என்னோடதுதானே.”

அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலையின் முகம். அவன் சோதித்துப் பார்க்கக் கிளம்பவில்லை. விழுவதற்குக் கிளம்புகிறான்.

“ஹெல்மெட் போட்டுக்கிட்டு வாங்க. தர்றேன்” என்றாள்.

அவனுடைய ஹெல்மெட் கொட்டகையின் உள்கோடியில், ஜன்னலுக்குக் கீழே ஆணியில் தொங்கியது. அவன் உள்ளே போனான். பாதி தூரம் போனதும் அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். கொண்டியில் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்தாள்.

“ஏய்! என்னடி பண்ற? திற!”

“ஸ்பேனர் எல்லாம் உள்ளதான் இருக்கு. பிரிங்க. கீழ் அடி வரைக்கும் பிரிங்க. சாப்பாடு ஜன்னல் வழியா வரும். அந்தக் கிளிப்பு கையில வந்ததும் கூப்பிடுங்க.”

“உள்ள இல்லன்னா?”

வண்டிச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். பூட்டை அழுத்தினாள். நாக்கு விழுந்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.