அணை போன பிறகும் நின்ற மீன்கள்

அணையை உடைத்தாயிற்று. கான்கிரீட்டைக் கடைசித் துண்டுவரை லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. ஆனாலும் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் அயு மீன் குஞ்சுகள், அணை இருந்த இடத்துக்குக் கீழே மடுவில் கறுப்பாக மொய்த்துக்கொண்டு நின்றன. மேலே ஏறவில்லை.

கரையில் மீனவர் சங்கத்துக்காரர்கள் வலையும் கையுமாக நின்றார்கள். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். குஞ்சுகளை அள்ளித் தொட்டி லாரியில் ஏற்றி, அணைக்கு மேலே கொண்டுபோய் விடுவார்கள். அணை போன பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கோண்டோ லாரி என்ஜினைக்கூட நிறுத்தவில்லை.

சங்கத் தலைவி ஹருயோ மட்டும் வலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றாள். இந்த வருஷம் மீன் தானாகவே ஏறட்டும் என்று கூட்டத்தில் அடம்பிடித்து ஜெயித்தவள் அவள். ஏறாவிட்டால் மேல்கிராமத்தில் கோடைத் தூண்டில் சீசன் கிடையாது. அங்கே கடை வைத்திருக்கும் அவள் தம்பி டோமொகியின் பிழைப்பும் கிடையாது. உயிருள்ள அயுவைத் தூண்டில் நரம்பில் கட்டிவிட்டு, அதோடு சண்டைக்கு வருகிற அயுவைப் பிடிப்பதுதான் இந்த ஆற்றின் முறை. அந்தக் கட்டுமீனை விற்பவன் அவன்.

"தலைவரம்மா, தண்ணி சுட ஆரம்பிச்சிருச்சு" என்றார் கோண்டோ, சோற்று உருண்டையைக் கடித்தபடி. "இன்னும் எவ்வளவு நேரம் கெஞ்சிட்டு நிப்பீங்க?"

"மத்தியானம் வரைக்கும்னு பேசினோம் இல்ல, கோண்டோ அண்ணே?"

"பேசினோம். மீன்கிட்ட யாரு பேசினது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது மேல்கிராமத்து மிசாவோ மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மேல பாலத்தடிக்கு வாங்க! கல்லுல மீன் மேஞ்ச தடம் இருக்கு!"

போட்டது போட்டபடி எல்லோரும் ஓடினார்கள். கரையில் ஒரு ஆள் மிச்சமில்லை.

பாலத்தடியில் கல்லுக்குக் கல் பாசி சுரண்டப்பட்டு, மூங்கில் இலை வடிவில் தடம் தடமாக இருந்தது. அயு வாயால் மேய்ந்தால்தான் அப்படி விழும். கோண்டோ தொப்பியைக் கழற்றினார்.

"சரிம்மா, நீ ஜெயிச்சிட்ட. தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்ல நான். டேய், போயி வலையைச் சுருட்டுங்கடா!"

ஹருயோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே நின்றிருந்த தம்பி டோமொகி அவள் கையைப் பிடித்துப் பாலத்தூண் மறைவுக்கு இழுத்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, அது நான் விட்ட மீன்."

"என்னடா உளர்ற?"

"முந்தாநாள் விடியக்காலையில ரெண்டு தொட்டி அள்ளிட்டு வந்து விட்டேன். நாலு பேர் முன்னாடி நீ தலை குனிஞ்சு நிக்கறதைப் பார்க்க முடியல. கடையும் இருக்கே. ரெண்டுக்கும்தான்."

"அதை ஏன்டா இப்ப சொல்ற?"

"வலையைச் சுருட்டச் சொல்லிட்டாரே. கீழ இருக்கறதெல்லாம் வெந்து செத்துப்போயிரும்க்கா."

சீசனுக்கு முன்னால் திருட்டு வலை போட்டவனுக்குச் சங்கத்தில் இடமில்லை, ஆற்றோரம் கடையும் இல்லை. அந்த விதியை எழுதியவளே ஹருயோதான். வாயை மூடிக்கொண்டால் தம்பி பிழைப்பான், மீன் சாகும். அவனை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பாழாய்ப்போன பாசம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாறைமேல் ஏறினாள். நடந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"முட்டாப்பய!" என்றார் கோண்டோ. "நிக்காதீங்க, ஓடுங்க! வலையைப் போடுங்க!"

மடுவுக்குத் திரும்பி ஓடி, வலையை இறக்கி இழுத்தார்கள். லேசாக வந்தது. உள்ளே சருகும் ஒரு நண்டும்தான். காலையில் கறுத்துக் கிடந்த மடுவில் இப்போது அடிக்கல் தெரிந்தது.

"செத்துப்போச்சா?"

"செத்தா மிதக்கும்யா."

மிசாவோதான் முதலில் பார்த்தாள். அணை இருந்த இடத்தில், பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் தண்ணீரில் வெள்ளி வெள்ளியாகத் துள்ளல். கடைசிக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அதற்கு முன்பே ஏறிப் போய்விட்டது.

கோண்டோ வலையைக் கீழே போட்டார். "கரை முழுக்க ஆளும் நிழலுமா நாமதான்யா மறிச்சுக்கிட்டு நின்னிருக்கோம். நாம அந்தப் பக்கம் போன கொஞ்ச நேரத்துல கிளம்பிருச்சு பாரு."

ஆட்கள் கத்தினார்கள், தண்ணீரை வாரி இறைத்தார்கள். ஹருயோ மணலில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம்தான். ஆனால் முந்தாநாள் அவன் மட்டும் பேசாமல் தூங்கியிருக்கக் கூடாதா என்று நெஞ்சு எரிந்தது.

டோமொகி சட்டையில் குத்தியிருந்த சங்க வில்லையைக் கழற்றி நீட்டினான்.

"விடும்மா" என்றார் கோண்டோ. "இன்னிக்குப் போயி..."

அவள் தலையாட்டி மறுத்தாள். வில்லையை வாங்கிக்கொண்டாள்.

"கடையை எப்பக்கா காலி பண்ணணும்?"

"இன்னிக்கே." மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நானும் வந்து சாமான் தூக்கறேன்."