ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

கட்டைவிரல் மரத்துப்போவது சின்னவளுக்குப் புதிதல்ல. ஆனால் இன்னொருவர் வாய்க்குள் கை இருக்கும்போது மரத்துப்போனது அன்றுதான்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் பல் மருத்துவமனை அது. இரண்டு அறைகள், நடுவில் ஒரு மரத்தடுப்பு. சின்னவளின் நாற்காலியில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். அவருடைய கடைவாய்ப் பல்லில் சொத்தையைக் குடைந்துகொண்டிருந்தபோது, அவள் கழுத்திலிருந்து தோள் வழியாகச் சுளீரென்று ஒன்று இறங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் யாருடைய விரல்களோ போலாகிவிட்டன. கருவி பல்லை விட்டு வழுக்கியது. கால் மட்டும் சட்டென்று கருவியை ஓட்டும் மிதியிலிருந்து எழுந்துகொண்டதால் அந்த மனிதரின் நாக்கு தப்பியது. அவருக்கு ஒன்றும் தெரியாது. முடிந்துவிட்டதா என்று கண்ணாலேயே கேட்டார். முகமூடிக்குள் வியர்த்துப்போய் அவள் நிமிர்ந்தபோது, தடுப்போரமாகப் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள்.

பெரியவள் கையுறையை மாற்றிக்கொண்டு வந்து, மிச்ச வேலையைத் தானே முடித்து, அவரைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகுதான் தங்கையிடம் திரும்பினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"கை தூங்கிடுச்சுக்கா. அவ்வளவுதான்."

"தூங்குற கையெல்லாம் நானும் பார்த்திருக்கேன். இனிமே நீ கருவியைத் தொடக் கூடாது. முதல்ல போய்ப் படம் எடு."

வருஷக்கணக்காக அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து எட்டிப் பார்த்ததன் பலன் அந்தப் படத்தில் தெரிந்தது. கழுத்தெலும்புகளில் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே மெத்தைபோல் இருக்க வேண்டிய வட்டு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. மாத்திரை, பயிற்சி, ஊசி என்று எல்லாம் செய்து பார்த்தார்கள். எதற்கும் அது நகரவில்லை. வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் மட்டும் வலி கொஞ்சம் அடங்கும். கப்பல் கவிழ்ந்தவர்கள் கன்னத்தில்தான் கை வைப்பார்கள், நீ தலையிலேயே வைத்துக்கொண்டாயே என்று அவள் கணவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

முதுகெலும்பு டாக்டர் இரண்டு வழி சொன்னார். கெட்டுப்போன வட்டை எடுத்துவிட்டு மேலெலும்பையும் கீழெலும்பையும் ஒன்றாக இணைத்துவிடலாம். அந்த இடம் பிறகு அசையாது, அதன் வேலையையும் அக்கம்பக்கத்து எலும்புகள் சுமக்கும். இல்லையென்றால் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த செயற்கை வட்டை அங்கே வைக்கலாம். கழுத்து பழையபடி அசையும். அவள் எலும்பு உறுதியாக இருந்ததால் இரண்டாவதும் ஒத்துவரும் என்றார். எதுவானாலும் கத்தி வைப்பது கழுத்தின் முன்பக்கம். குரல் கம்மலாம், விழுங்கச் சிரமமாக இருக்கலாம், மிக அபூர்வமாகக் கைகால் விளங்காமல் போகலாம். கடைசியாகச் சொன்னதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். சின்னவளுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

அவள் கணவன் கணக்கு வாத்தியார். கண்டது கற்கப் பண்டிதனாவான் என்பார்கள். அவனும் இணையத்தில் கண்டதையெல்லாம் படித்துப் பாதி டாக்டராகியிருந்தான். நூற்றில் எத்தனை பேருக்கு எது நடக்கும் என்று விகிதம் சொல்வான். அந்த ஒருவர் நானாக இருந்தால் எனக்கு நூற்றுக்கு நூறுதானே என்று அவள் கேட்டாள்.

பெரியவளுக்குச் செயற்கை வட்டு என்ற பேச்சே பிடிக்கவில்லை.

"நாம கட்டுற பல்லே பத்து வருஷத்துல ஆடிக்கிட்டு வந்து நிக்குது. வாயில ஆடினா கழட்டி மாட்டலாம். கழுத்துக்குள்ள ஆடினா என்னடி பண்ணுவே?"

"இணைச்சுட்டா அடுத்த எலும்பு தேயும்கா. நான் இன்னும் எவ்வளவு காலம் குனிஞ்சு நிக்கணும்?"

பெரியவள் அதோடு விட்டுவிடவில்லை. தங்கைக்குத் தெரியாமல் அந்த டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். இதுவரை எத்தனை பேருக்கு வைத்தீர்கள், வைத்ததில் எத்தனையை மறுபடி எடுத்தீர்கள், உங்கள் சொந்தத் தங்கையாக இருந்தால் எதை வைப்பீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். எனக்கு மறுபடி பரீட்சை வைத்துவிட்டுப் போனார்கள் உங்கள் அக்கா என்று டாக்டரே பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்த பெரியவள், "வெச்சுக்கோ" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள்.

அறுவை நாளன்று காலையில் சின்னவளுக்குக் கைகால் சில்லிட்டுப்போயிருந்தது. மயக்க மருந்து டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொன்னார். ஆடும் பல் ஏதாவது உண்டா என்று விசாரித்தார்.

"மேல இடது பக்கம் ஒரு பல்லுக்கு உறை மாதிரி கேப் மாட்டியிருக்கு. எங்க அக்கா போட்டது. மூச்சுக்குக் குழாயை இறக்கும்போது பார்த்து. உடைச்சீங்கன்னா அவ உங்களைச் சும்மா விட மாட்டா."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கண் விழித்ததும் முதலில் கால்விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. பிறகு கை. தோளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்த அந்த வலி எங்கே என்று தேடினாள், துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. அக்கா கட்டிலோரம் குனிந்து நின்றாள். வலி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

வீக்கம்தான், வடியும் என்றார்கள். கஞ்சிபோல் குழைத்ததை விழுங்கவே தொண்டை முரண்டுபிடித்தது. வீக்கம் வடிந்தது, விழுங்குவதும் சுலபமானது. குரல் மட்டும் வரவில்லை. வாரங்கள் போயின. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பக்கக் குரல்நாண் சோம்பிக் கிடக்கிறது, பெரும்பாலும் தானாகவே எழுந்துகொள்ளும் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. கை கிடைத்துவிட்டது, குரல் போய்விட்டதே என்று ஆற்றாமையாக இருந்தது. பயந்து நடுங்கி வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைப்பது ஊசி இல்லை, அவளுடைய பேச்சுதான் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். வெச்சுக்கோ என்று சொன்ன பெரியவளோ, பார்க்க வரும்போதெல்லாம் தங்கையின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஒரு நாள் பெரியவள் போன் செய்தாள், கணவன் எடுத்துச் சின்னவள் காதில் வைத்தான். லாரி ஓட்டுகிற ஆள் ஒருவர், மலை மாதிரி உடம்பு, கன்னம் வீங்கி வந்திருக்கிறார். சின்ன டாக்டர் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். நீ வேலை செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்றாள். சின்னவள் போனாள். அவர் காதருகே குனியாமல், நாற்காலியை உயர்த்திக்கொண்டு, "பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று காற்றுக் குரலில் சொன்னாள்.

லாரிக்காரரும் குரலைத் தாழ்த்தி, "சரிங்க டாக்டர்" என்று கிசுகிசுத்தார்.

"ஊசி போடட்டுமா?" என்று பெரியவளும் கிசுகிசுத்தாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்கூட உள்ளே என்னவோ ரகசியம் என்று பேச்சை நிறுத்திவிட்டார்களாம். கெட்டுப்போன பல் வெளியே வந்தது. அக்காவும் தங்கையும் கை கழுவும் இடத்தில் நின்று, அறுவைக்குப் பிறகு முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பிலும் சத்தம் வரவில்லை. பெரியவளுக்குக் கண்ணீர்தான் வந்தது.

குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, பழையதைவிடச் சற்றுத் தடித்து. கட்டைவிரல் நுனியில் மரப்பு லேசாகத் தங்கிவிட்டது. மறுபடி கருவி பிடித்தபோது அந்த விரலைத் தாங்கலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு நடுவிரலால் உணரப் பழகினாள். பல மாதம் கழித்து எடுத்த படத்தில், அவள் குனியும்போதும் நிமிரும்போதும் வட்டு ஒழுங்காக அசைந்தது. டாக்டருக்குத் திருப்தி. அவளுக்கு முக்கால் திருப்தி. இன்றும் கழுத்தில் சின்னதாக நெட்டி முறிந்தால் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

சென்ற வாரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியவள், ஒரு ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள், வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றதைச் சின்னவள் பார்த்தாள்.

"அக்கா, எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்லடி. சும்மா."

சின்னவள் போனை எடுத்து முதுகெலும்பு டாக்டரின் எண்ணை அழுத்தினாள்.