கட்டை பிடுங்கிய பலகை

“எவனாச்சும் என்னைத் தூக்குனீங்க, இங்கேயே உயிரை விட்டுருவேன்” என்று வீரமலை சக்கர நாற்காலியின் இரண்டு சக்கரங்களையும் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமில்லை. ஆனாலும் டாக்சி டிரைவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலுக்குக் காலையிலிருந்து வந்த மூன்றாவது டாக்சி அது.

“நாற்காலி டிக்கியில போகாதும்மா. ஆளையும் பின் சீட்டுல மடக்கிப் படுக்க வச்சாத்தான் உண்டு” என்று டிரைவர் பவுனம்மாளைப் பார்த்தான்.

“நீங்க போங்க தம்பி” என்றாள் அவள்.

டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே தெரியும். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருக்கிற ஓட்டு வீட்டுக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய் இறங்க வேண்டும். வீரமலை கேட்டது அது ஒன்றுதான்.

மருங்காபுரிப் பக்கம் மழை பொய்த்த வருஷம் திருச்சிக்கு வந்து, காந்தி மார்க்கெட்டில் இருபது வருஷம் மூட்டை சுமந்தவன். லாரியிலிருந்து வெங்காய மூட்டைகள் சரிந்து முதுகில் விழுந்தன. அதோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒன்பது வருஷம் ஆகிறது. மூட்டையைத் தூக்குகிறவன் மூட்டையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவனை டாக்சியில் ஏற்றியவர்களும் கேட்டதில்லை. ஒருவன் கக்கத்தைப் பிடிப்பான், ஒருவன் தொடையைப் பிடிப்பான், வேட்டி எங்கே போனாலும் கவலையில்லை. அதுதான் அவனுக்கு ஆகாது.

பவுனம்மாளுக்கு ஆகாதது வேறு.

போன பங்குனியில் இதே ஆஸ்பத்திரி வாசலில் அவனை ஒரு டாக்சியின் பின் சீட்டில் கிடத்தினார்கள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் மருந்துச் சீட்டு. இடுப்பால் இடித்துத்தான் அவள் கதவைச் சாத்தினாள். அவன் குதிகால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அவன் கத்தவில்லை, கத்துவதற்கு வலி தெரிந்தால்தானே. வீட்டில் இறக்கும்போதுதான் சீட்டெல்லாம் ரத்தம். அந்தப் புண் ஆறவேயில்லை. சீழ் வைத்து, காலில் ஏறி, ரத்தத்தில் கலந்து, இந்த ஆடியில் இங்கே கொண்டுவந்து விட்டது. கதவைச் சாத்தியது யார் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று அவளுக்கு நாலு மாசமாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்குச் சின்னையா வந்தான். வீரமலையோடு மூட்டை இறக்கியவன். கூடவே காத்தமுத்துவின் மெட்டடார் வேன், அதன் தலையில் இரண்டு நீளப் பலகைகள்.

“அண்ணே, விடியக்காலம் நம்ம மார்க்கெட்டுல காய்கறி ஏத்துற வண்டி. பின் சீட்டே கிடையாது. நாற்காலியோட ஏறிக்கலாம்.”

“தரைக்கு மேல ரெண்டடி நிக்குது. பறந்து ஏறவாடா?”

“அதுக்குத்தானே பலகை.”

மூட்டையோடு லாரியில் ஏறுவதற்குச் சாத்துகிற பலகைகள். வேனின் பின்வாசலில் சாத்தி நாற்காலியைத் தள்ளினார்கள். அரையடி ஏறி நின்றது. தம் பிடித்துத் தள்ளினார்கள். நின்றது. ஏறுகிறவன் கால் வழுக்காமலிருக்க, சாணுக்கு ஒரு குறுக்குக்கட்டை வைத்து ஆணி அறைந்த பலகை. சக்கரம் ஒவ்வொரு கட்டையிலும் முட்டும் என்று மார்க்கெட்டில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

வீரமலை சிரித்தான். இருமல் வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

“கால் இருக்கிறவனுக்கு அடிச்ச கட்டைடா அது. அடிச்சவனே நான்தான். ஒவ்வொண்ணுக்கும் நாலு ஆணி.”

“அதான் வரமாட்டேங்குது” என்று காத்தமுத்து டயர் கழற்றுகிற லிவரைக் கட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினான். “கொஞ்சம் கருமித்தனமா அடிச்சிருக்கக் கூடாதாண்ணே?”

கடைசிக் கட்டை தெறித்து விழுந்தபோது, வேப்பமர நிழலில் தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெண் குரல் கொடுத்தாள்.

“முன்பக்கமாத் தள்ளாதீங்க, சின்னச் சக்கரம் மாட்டும். முதுகுப் பக்கமா இழுங்க. நான் டைப்ரைட்டிங் சொல்லிக்குடுக்கற இடத்துல அப்படித்தான் படி ஏத்துவாங்க.”

“நீங்க எதுலம்மா வந்தீங்க?” என்றான் காத்தமுத்து.

“எங்கண்ணன் டாக்சியில தூக்கிப் போட்டுக் கூட்டியாந்தார். சாயங்காலம் அவர் வந்தாத்தான் திரும்பப் போகலாம்.”

காத்தமுத்து அவள் நாற்காலியை ஒரு தரம், பலகையை ஒரு தரம் பார்த்தான். பிறகு அவள் சொன்னபடியே சின்னையா வேனுக்குள் நின்று இழுக்க, அவன் கீழே நின்று தாங்க, நாற்காலி ஏறியது. ஒரு கைகூட வீரமலையின் உடம்பில் படவில்லை. அவன் வாசலைப் பார்த்தபடி உள்ளே போய்ச் சேர்ந்தான், சாமி பல்லக்கில் போகிறது மாதிரி. மூட்டைக்குப் போடுகிற முடிச்சையே போட்டுச் சின்னையா சக்கரங்களைக் கட்டினான்.

காத்தமுத்து பின் கதவில் கை வைத்தான்.

“சாத்தாதீங்க!”

பவுனம்மாளின் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. காத்தமுத்து கையை எடுத்தான். கதவுகளைத் திறந்த வாக்கில் கயிறு போட்டுக் கட்டினான்.

“அப்ப மெதுவாத்தான் ஓட்டணும்க்கா.”

“மெதுவாவே ஓட்டுங்க.”

காவேரிப் பாலத்தில் ஏறியதும் காற்று உள்ளே புகுந்தது. இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. மலைக்கோட்டை பின்னால் நகர்ந்து சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒன்பது வருஷமாக டாக்சிக் கூரையைத் தவிர எதையும் பார்க்காமல் இந்தப் பாலத்தைக் கடந்தவன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“பவுனு.”

“என்னங்க?”

“நல்ல காத்து. அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சுது. கதவு தானாச் சாத்திக்கிச்சு.”

அது பங்குனி. இலை அசையாத வெயில். அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் ஆற்றைப் பார்த்தாள். “ஆமா” என்றாள்.

வீட்டுக்குள்ளே போக மாட்டேன் என்றான். வாசலிலேயே தெருவைப் பார்த்து நாற்காலியை நிறுத்தச் சொன்னான். எதிர்வீட்டு மாரியாயி டீ போட்டுக் கொண்டுவந்தாள். “என்னண்ணே, கலெக்டர் மாதிரி வந்து இறங்குறீங்க?” என்றாள். “கலெக்டர் ஜீப்புல பலகை இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் பாதி டீ குடித்தான். மாலை வெயில் சாய்கிற நேரத்தில் அவன் கை சக்கரத்திலிருந்து நழுவிக் கீழே தொங்கியது.

பவுனம்மாளுக்கு முதலில் அழுகை வரவில்லை. நீளமாக ஒரு மூச்சுத்தான் வந்தது. நாலு மாசமாக விடாத மூச்சு. அதற்காக வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் இல்லை.

சின்னையாவும் நாலு பேரும் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். யாரும் தொடவில்லை.

“இப்பத் தூக்கலாமா, அண்ணி?”

அவள் வீரமலையின் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் சரிசெய்துவிட்டுத் தலையசைத்தாள்.

பால் தெளித்த மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. சின்னையா அங்கேதான் இருந்தான். காத்தமுத்து பலகைகளை இறக்கப் போனான்.

“சின்னையாண்ணே, உங்க மார்க்கெட்டுச் சாமான்.”

“கட்டை பிடுங்குன பலகை எங்களுக்கு எதுக்கு? மூட்டையோட வழுக்கி விழவா? நீயே வச்சுக்க.”

“நிசமாவா?” காத்தமுத்துவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நல்லதாப் போச்சு. உள்ள ஆள் இருக்காங்க.”

பவுனம்மாள் வேனின் பின்னால் போனாள். ஆஸ்பத்திரி மரத்தடியில் பார்த்த பெண் நாற்காலியோடு உட்கார்ந்திருந்தாள். ஆரிஃபா என்று பெயர் சொன்னாள். இனி தினமும் கே.கே. நகருக்கு வேலைக்கு இந்த வண்டிதான் என்றாள். அண்ணன் விட்டது தொல்லை என்று தூங்குகிறாராம்.

“அக்கா, ரொம்ப தூரம், திறந்துபோட்டுப் போக முடியாது” என்று காத்தமுத்து முன்னாலிருந்து சத்தம் போட்டான். “அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடுங்க.”

பவுனம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு குனிந்து ஆரிஃபாவின் புடவை ஓரத்தை விலக்கி, இடது குதிகாலைத் தொட்டாள். வலது குதிகாலைத் தொட்டாள். இரண்டையும் நாற்காலியின் மிதிபலகையில் உள்ளே தள்ளி வைத்தாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லம்மா.”

இன்னொரு தரம் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.