பேர் வெட்டிய பானை

மத்தியானம் வரைக்கும் அந்த எவர்சில்வர் பானையை யாரும் தொடவில்லை. அதன் கழுத்தில் ‘ஐயாதுரை, இராஜபாளையம், புதுமனை புகுவிழா அன்பளிப்பு’ என்று வெட்டியிருந்தது. அடுத்தவன் பேர் போட்ட பாத்திரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் எங்கே திருடினாய் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பானையைக் கொண்டுவந்த பாண்டிசெல்விக்கு அவமானமாக இருந்தது. மற்ற பிள்ளைகளின் பொருள்கள் எல்லாம் போய்விட்டன.

இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபம் ஒன்றில் நடத்திய பண்டமாற்றுச் சந்தை அது. ஏற்பாடு ஷெரின் மிஸ். வாராவாரம் பாண்டிசெல்வி படிக்கிற வன்னியம்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எதையும் வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற சுழற்சிப் பொருளாதாரத்தை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லித் தருபவர். போர்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. பேன்டேஜ் துணி நெய்கிற தறிகளில் கழிந்த துண்டுகளை வைத்துத் தலையணை தைக்கச் சொன்னார். ஓடாத ஃபேனைப் பிரித்து ஓடவிடச் சொன்னார். இன்றைய சந்தைக்கு விதி ஒன்றுதான்: வீட்டில் ரொம்ப நாளாக யாரும் எடுக்காத நல்ல பொருளைக் கொண்டு வர வேண்டும், அது ஏன் வேண்டாம் என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்ட வேண்டும்.

அம்மா சண்முகத்தாயிடம் காலையில் கேட்டபோது, “ஏட்டி, பரண்ல என்னத்தையாவது எடுத்துட்டுப் போ, உயிர வாங்காத” என்றாள். பாண்டிசெல்வி கைக்கு எட்டியதை எடுத்தாள். ‘எங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. பரணில் சும்மா கிடக்கிறது’ என்று அழகாக எழுதி ஒட்டினாள்.

இராஜபாளையம் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் மாமா மகள் பானுப்பிரியாவும் வந்திருந்தாள்.

“ஏட்டி, இது எங்கப்பா பேருல்லா?”

“ஆமா. உங்கப்பா பேரு போட்டத வேற யாரு எடுப்பா? நீயே கொண்டு போயிரு.”

“அத்த வையமாட்டாகளா?”

“எங்கம்மாவுக்கு அது பரண்ல இருந்ததே ஞாபகம் இருக்காது.”

மிஸ் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். “பாருங்க, கொடுத்தவங்க வீட்டுக்கே திரும்பிப் போகுது. இதுதான் முழு வட்டம்.” எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. ஐயாதுரை மாமாவின் குரல் வாசல்வரை கேட்டது.

“ஏ சம்முவத்தாயி, நான் செஞ்ச சீரு வேண்டாம்னா வாயால சொல்லியிருக்கலாம்லா? எதுக்கு அட்டையில எழுதி ஒட்டி, எம்மக கையிலயே குடுத்து விடுத?”

“எண்ணே, என்ன சொல்லுத? எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

“ஞாயித்துக்கெழம உம்மவன் காதுகுத்துக்கு வேற மடியப் பாத்துக்கோ.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தம்பி முத்துவீரனைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரே அண்ணன். அப்பா சோலைச்சாமி பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருப்பதே இதற்காகத்தான்.

“பட்டாளத்துல பழசக் குடுத்தாத்தான் புதுசு குடுப்பான்” என்றார் அப்பா. “இங்க பழசக் குடுத்தா சண்டைக்கு வாரான்.”

அம்மா அவரை முறைத்த முறைப்பில் அவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

பாண்டிசெல்விக்குப் புரியவில்லை. ஒரே பானை. மத்தியானம் அதற்குக் கைதட்டினார்கள், சாயங்காலம் அதற்கு அம்மா அழுகிறாள். எது தப்பு?

மறுநாள் மிஸ்ஸுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “நானே வந்து பேசுறேன்” என்று அவளையும் அழைத்துக்கொண்டு இராஜபாளையத்துக்கு பஸ் ஏறினார் மிஸ்.

மாமா அப்போதுதான் மில்லிலிருந்து வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு. டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, மிஸ் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“டீச்சர், உங்களுக்கு அண்ணன் உண்டா?”

“இல்ல சார்.”

“அதான் உங்களுக்குத் தெரியல.”

“ஆனா சார், அது சும்மாதானே கிடந்துச்சு?”

“சும்மா கெடக்கட்டும்னுதான குடுத்தேன்!” மாமாவின் குரல் உயர்ந்தது. “பரண அண்ணாந்து பாத்தா எம்பேரு தெரியும். அந்த வீட்டுக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு தெரியும். சோறு வடிக்கவா நான் குடுத்தேன்?”

மிஸ் டீயைக் குடித்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று கேட்டதற்கு மாமா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது மிஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “அவர் சொல்றதும் சரியாத்தான் இருக்கு, செல்வி. அப்போ நான் சொன்னது?”

“எனக்கென்ன தெரியும் மிஸ்?”

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தம்பிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. காது குத்துகிறவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். அப்பா எல்லோரும் கழற்றிப்போட்ட செருப்புகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. மாமாவும் அத்தையும் இறங்கினார்கள். நடுவில் உட்கார்ந்து வந்த பானுப்பிரியாவின் கையில் அதே பானை. உள்ளே பச்சரிசியும் வெல்லமும். பழைய எழுத்துக்குக் கீழே பளபளவென்று புதிதாக வெட்டியிருந்தது: ‘மருமகன் முத்துவீரன் காதணி விழா.’

அப்பாவின் அக்கா மாடத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவள் இல்லை. “ஏன்யா, தாய்மாமன் சீருக்குப் பழைய பானையா? கடைகள்ல புதுசுக்குத் தட்டுப்பாடோ?”

“உங்க மருமக படிக்கிற படிப்பு அப்பிடி மதினி” என்றார் மாமா. “புதுசு வாங்கக்கூடாதாம்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் கேலி செய்கிறாரா, குத்திக்காட்டுகிறாரா, இல்லை நிஜமாகவே சொல்கிறாரா என்று பாண்டிசெல்வி அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அம்மா புதிதாக வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார். “கொண்டா எம்மருமகன.”

தம்பி அலறிய அலறலில் மற்றதெல்லாம் மறந்து போயிற்று.

வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டியபின், அம்மா காலிப் பானையோடு பரணுக்குக் கீழே நின்றாள். மேலே பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

“ஏட்டி, உங்க டீச்சருக்குப் போன் போடு. இத இனி மேல வைக்கவா, அடுப்புல வைக்கவா? கேளு.”

கேட்டாள். மிஸ் திருப்பிக் கேட்டார்.

“உங்க மாமாகிட்ட கேட்டியா?”

“கோயில்ல வச்சே கேட்டேன் மிஸ். உங்க டீச்சர்ட்ட கேளுன்னுட்டாக.”

பானை அன்று ராத்திரி வீட்டு நடுவிலேயே இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள்.