விதி பதினொன்று: ஆண்டுக்கு ஒருமுறை கூடவேண்டும்

1

இந்தக் கதை ஒரு மினிட்ஸாக, அதாவது கூட்டக் குறிப்பாகத்தான் பிறந்தது. எங்கள் எங்காடின் என்ற பனிமலைப் பள்ளத்தாக்கில் ரோப்கார் ஓட்டும் ஒரு சிறு கம்பெனி. அதன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதவேண்டும், அவ்வளவுதான். ஒரே சிக்கல், எழுத உட்கார்ந்தபோது கூட்டமே நடந்திருக்கவில்லை. எழுதுகிறவள் கம்பெனியின் செயலாளர் செரைனா. ("நான்" என்று எழுதினால் நாளை சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். செரைனாவே இருக்கட்டும்.)

பங்குதாரர்கள் இரண்டே பேர். தலைவர் துரி, அவருடைய தங்கை மத்லைனா. ஆளுக்குப் பாதி. அப்பா இருந்தவரை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார், கூட்டம் நடந்தது.* குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். இப்போது ஜூன். மாதக் கடைசிக்குள் கூட்டம் கூட்டித் தலைவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கம்பெனிக்குத் தலை இல்லை. தலையில்லாத கம்பெனிக்குப் புதுக் கம்பி வாங்க வங்கி கடன் தராது. கம்பியில்லாமல் ரோப்கார் ஓடாது. செரைனாவுக்கு வேலையும் இருக்காது.

* கூட்டம் முடிந்ததும் பார்லி சூப். விதிகளில் அது கிடையாது. அது மட்டும்தான் சண்டையில்லாமல் நடந்தது.

2

"கூட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கியது." பொய். அடித்தாயிற்று.

"திருமதி மத்லைனா, அண்ணனின் சேவைக்கு நன்றி தெரிவித்து..." இப்படி ஒரு பாத்திரத்தை யார் நம்புவார்கள்?

துரி சொன்னார்: "கூடணும்னுதான் விதி. மூஞ்சியப் பாக்கணும்னு எங்க இருக்கு? நீ எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

மத்லைனா போனில் சொன்னாள்: "அவன் தலைவரா உக்கார்ற கூட்டத்துக்கு வரமாட்டேன்."

"அவர இறக்கணும்னாலும் கூட்டத்துலதாங்க இறக்கணும்," என்றாள் செரைனா.

"அப்ப அவன் இல்லாத கூட்டமா வை. வராத என்னை வந்தேன்னு எழுதினே, உன்னை உள்ள தள்ளிடுவேன்."

3

செரைனா இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பினாள். துரி வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மத்லைனாவின் கார் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. செரைனா ஜன்னலைத் திறந்தாள். (இங்கே அண்ணனும் தங்கையும் அப்பாவை நினைத்துக் கண்... வேண்டாம்.)

"துரியே தலைவராத் தொடரலாமா?" என்று இருவரையும் கேட்டாள் செரைனா.

"எனக்குச் சம்மதம்," என்றார் துரி.

"வேணாம். ஒருக்காலும் வேணாம்," என்றது காரிலிருந்து குரல்.

பாதிக்குப் பாதி. சமமானால் தலைவர் வாக்கே முடிவு என்கிறது விதி. துரி சிரித்தார்.

"ஜெயிச்சாச்சு. எழுதிக்கோ."

"நான் எங்க கூட்டத்துக்கு வந்தேன்? ரோட்டுல நிக்கறேன்."

"ரோட்டுல நின்னே ஓட்டுப் போட்டுட்டியே, தங்கச்சி."

"அது ஓட்டில்ல அண்ணே, திட்டு."

கார் கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

4

நடந்தது என்று எழுதினால் ரோப்கார் ஓடும், மத்லைனா வழக்குப் போடுவாள். நடக்கவில்லை என்று எழுதினால் குளிர்காலம் முழுக்கக் கம்பியில் காக்கை உட்காரும். ஜன்னலுக்கு எந்தப் பக்கம் இருந்தால் கூட்டம் என்று விதி பதினொன்றில் ஒரு வரி இல்லை. வங்கியோ விடாமல் போன் செய்கிறது.

மினிட்ஸில் இப்போது இருப்பது இவ்வளவுதான்:

"வருகை: துரி, நாற்காலியில். மத்லைனா, காரில், என்ஜினை அணைக்காமல்.

கூட்டம் நடந்தது / நடக்கவில்லை."

இரண்டில் ஒன்றை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். செரைனா இதையும் அடித்துப் பார்த்தாள், அதையும் அடித்துப் பார்த்தாள். தாள்தான் கிழிந்தது.